கயிற்றின் அந்தப் பக்கம்

பூக்கியோ, மே 4

நெமேசியா அக்காவுக்கு,

உருளைக்கிழங்கு லாரி மாலையில் மேலே கிளம்புகிறது. அதற்குள் இதை எழுதி டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும். நீ அனுப்பிய உப்புக்கறி வந்து சேர்ந்தது. பாதியை அறைத்தோழிக்குக் கொடுத்துவிட்டேன். திட்டாதே.

போன வாரம் வனவிலங்கு அலுவலகத்தில் என்னை மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரான ருமிபாட்டாவின் சரிவுக்கு அனுப்பினார்கள், இந்த வருட விக்குன்யாக் குட்டிகளைப் பார்த்து எழுதிவர. பாறைக்குப் பின்னால் படுத்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு காட்டு விக்குன்யாக் குடும்பம் ஓடைக்கு இறங்கியது. முன்னால் வந்த ஆண் நடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முள்ளின் மேல் நடப்பது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. பிறகு நின்று, கழுத்தை வளைத்துத் தன் தொடையைக் கடித்தது. அது திரும்பியபோது தொடையின் உட்புறம் தெரிந்தது. ரோமம் இல்லை. சாம்பல் நிறத்தில் பொருக்கு, அங்கங்கே வெடித்து ரத்தம். அதன் பின்னால் வந்த பெண்களில் இரண்டுக்கும் அப்படித்தான்.

சொறிநோய், அக்கா.

திரும்பும் வழியில் மேடு ஏறி நம் இச்சுபம்பா பக்கம் உள்ளவற்றையும் ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். நம்முடையவை சுத்தமாக இருக்கின்றன. இடையில் அந்த மேடு இருக்கிறது, ஒவ்வொரு ஆணும் தன் புல்வெளியை விட்டு நகர்வதில்லை, அதனால்தான் இதுவரை பிழைத்திருக்கின்றன.

ஜூனில் நீங்கள் இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே கயிறு பிடித்து, இரண்டு பக்கத்து விக்குன்யாக்களையும் வளைத்து, ஒரே பட்டியில் அடைத்து ரோமம் கத்தரிக்கப் போகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பட்டிக்குள் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே கத்தரிதான் எல்லாவற்றின் மேலும் ஓடும். ஒரு பிற்பகல் போதும்.

இதை இன்னும் அலுவலகத்தில் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்ல நினைத்தேன். நீதான் விக்குன்யாக் குழுவின் தலைவி.

மிரா

*

இச்சுபம்பா, மே 11

டாக்டரம்மா எதெல்மிராவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது அடுப்பில் சூப்பு பொங்கி வழிந்துவிட்டது. அந்தக் கணக்கும் உன் பேரில்தான்.

ஊற்றுத் தண்ணீர் யாருக்கு என்று இரண்டு ஊரும் கல்லெறிந்துகொண்ட வருடம் நீ சின்னப்பெண். உனக்கு ஞாபகம் இருக்காது. மௌரோவுக்கு இருக்கிறது. அவனுடைய முன்பல் அந்தச் சண்டையில்தான் போனது. இன்றைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் வாயைத் திறந்து காட்டுகிறான். அன்றிலிருந்து எல்லைக்கற்களைத் தாண்டி அவர்கள் இங்கே வந்ததில்லை, நாம் அங்கே போனதில்லை. இந்த வருடம்தான் அவர்கள் தலைவர் சிப்ரியானோவும் நானும் அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானமாகக் கோக்கா இலை மாற்றிக்கொண்டோம். மனிதர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் செருப்பைப் பார்த்துப் பேசினார். ஆனால் கடைசியில், "ஒரே கயிறு பிடிப்போம்" என்று அவர்தான் சொன்னார். நான் சொல்லவில்லை.

இப்போது நான் போய் அவரிடம், "உங்க மிருகத்துக்குச் சொறி" என்று சொல்ல வேண்டுமா? நீ பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனவள், ஆனால் இந்த ஊரில்தானே பிறந்தாய். விக்குன்யா யாருடைய மந்தை? மலையுடையது. அதற்கு நோய் வந்தால் அந்த ஊர்மேல் மலைக்குக் கோபம் என்று அர்த்தம். அந்த வார்த்தையை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால், கல்லெறிவதைவிட மோசம். இந்தத் தடவை ஒரு பல்லோடு போகாது.

ஒரு பெண்ணைத் தலைவியாக்கியதே இவர்களுக்குத் தொண்டையில் எலும்பு. வளைப்பு நின்றுபோனால் என்ன பேசுவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீ பார்த்தது தப்பாக இருக்கக்கூடாதா? அடிபட்ட காலாக இருக்கக்கூடாதா?

நெமேசியா

*

பூக்கியோ, மே 17

அக்காவுக்கு,

தப்பாக இருக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன். அதனால் விடுமுறை நாளில் மறுபடி போனேன். ஓடைக்கரையில் ஒன்று இறந்து கிடந்தது. காதிலும் அக்குளிலும் பொருக்கு விரல் தடிமன். அதற்குமேல் எனக்குச் சந்தேகமில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுகிறது. விலங்கு நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும், மேய நேரமிருக்காது, மெலியும். ரோமம் போன இடத்தில் குளிர் ஏறும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதில் மலை எங்கே வருகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வராது என்று உன்னிடம் அடித்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

நேற்று சிப்ரியானோ மாமா ஏதோ கையெழுத்துக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இதுதான் சமயம் என்று எழுந்து போனேன். பக்கத்தில் நின்றேன். "என்னம்மா?" என்றார். "தண்ணி வேணுமா மாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். தண்ணீரும் கொண்டு போய்க் கொடுக்கவில்லை.

என்னால் முடியவில்லை. நீயாவது கூட்டு வளைப்பை நிறுத்து. என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

மிரா

*

இச்சுபம்பா, மே 29

மிரா,

நிறுத்திவிட்டேன். நிம்மதியாக இரு.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊரும் எல்லைக்கற்களுக்கு இரு பக்கமும் கூடின. யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கத்திலிருந்து ஓட்டுவது என்று பேச. ராத்திரி முழுக்க என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன், எழுந்து நின்றதும் எல்லாம் மறந்துபோனது. சிப்ரியானோ என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ இருந்தது. அப்போதுதான் அது என் வாயில் வந்தது.

"எங்க விக்குன்யாவுக்குச் சொறி வந்திருக்கு. உங்க மந்தை நல்ல மந்தை, அதைக் கெடுக்க எனக்கு மனசில்ல. இந்த வருஷம் சேர்ந்து வளைக்க வேண்டாம்."

உடனே மௌரோ கத்தினான். "ஏ நெமேசியா, யாரைக் கேட்டு ஊர் மானத்தை அவுத்து விடற? எங்கயிருந்து வந்துச்சு சொறி? உன் தலையிலயா?"

"உன் பல்லு போன வழியா வந்துச்சு, உட்காரு" என்றேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். நம் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

சிப்ரியானோ தன் பையிலிருந்து கோக்கா இலை எடுத்து, இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார்.

யாருக்கும் அவமானமில்லை. கயிறு அடுத்த வருடம் வரை காத்திருக்கும். ஜூனில் நாம் மட்டும் நம்முடையவற்றைத் தனியாக வளைத்துக் கத்தரித்துக்கொள்கிறோம். எப்படி, உன் அக்காவுக்கு மூளை இருக்கிறதா இல்லையா?

நெமேசியா

*

பூக்கியோ, ஜூன் 6

அக்கா,

உனக்கு மூளை இருக்கிறது. பொறுமைதான் இல்லை. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?

நீ சொன்னது சந்தை வரை வந்து, அங்கிருந்து அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. இச்சுபம்பாவில் சொறி என்று அதன் தலைவியே ஊரறியச் சொல்லியிருக்கிறார், ஆகவே கத்தரிப்பு அனுமதி கிடையாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இனி ஆள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் வரை நீங்கள் ஒரு விக்குன்யாவின் மேலும் கத்தரி வைக்க முடியாது. போகப்போகிற ஆள் யார் தெரியுமா? நான்தான். "உங்க ஊர்தானேம்மா, வழி தெரியும்ல?" என்றார் மேலாளர்.

நான் என்ன எழுத வேண்டும்? இச்சுபம்பா சுத்தம், ருமிபாட்டாவில் நோய் என்றுதானே எழுத முடியும்? அப்படி எழுதினால் நீ அவர்களுக்காக மூடி வைத்ததை நானே திறந்தவள் ஆவேன். எழுதாவிட்டால் அங்கே எல்லாம் ஒவ்வொன்றாகச் சாகும். சாவதற்கு முன்னால், கூட்டத்திலிருந்து துரத்தப்பட்ட இளம் ஆண்களில் ஏதோ ஒன்று மேடு தாண்டி நம் பக்கம் வரும்.

நீ அவர்கள் முகத்தைக் காப்பாற்றினாய். விக்குன்யாவை யார் காப்பாற்றுவது? இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், லாரி ஹாரன் அடிக்கிறது.

மிரா

*

இச்சுபம்பா, ஜூன் 15

மிராவுக்கு,

என்னைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டார்கள். மௌரோதான் இப்போது தலைவன்.

மலை கோபப்பட நான் என்ன செய்தேன் என்று கேட்டார்கள். புருஷன் சுரங்க வேலைக்குப் போனதிலிருந்து நான் தனியாக இருப்பதைச் சொன்னார்கள். பட்டிக்குள் பெண் முதலில் நுழைந்ததைச் சொன்னார்கள். நான் போன வருடம் காணிக்கைக்கு வைத்த சோள மதுவில் தண்ணீர் கலந்திருந்தது என்று ஒருத்தி சொன்னாள். அவளும் அதில் மூன்று கிண்ணம் குடித்தவள்தான். ஒரு வாக்கியத்தில் எல்லோர் வாயையும் அடைத்திருக்கலாம். எல்லையில் நான் சொன்னது பொய் என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. இறங்கி வந்து பெண்களோடு உட்கார்ந்து கிழங்கு உரித்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ பார்த்ததை அப்படியே எழுது. என் முகத்துக்காகவோ அவர்கள் முகத்துக்காகவோ ஒரு வரியும் மாற்றாதே. நான் பேசியது என் வாய், நீ எழுதுவது உன் வேலை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சிப்ரியானோ அதை ஒரு காகிதத்திலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. எழுதுவதற்கு முன்னால் நீயே நேரில் போய்ச் சொல். தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பாதே.

நெமேசியா

*

பூக்கியோ, ஜூலை 2

அக்காவுக்கு,

போனேன். நடந்தது முழுவதும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

மாமா கூரைக்குப் புல் வேய்ந்துகொண்டிருந்தார். அவர் மனைவி பெலிபா அத்தை என்னை உள்ளே உட்காரவைத்து சூப்பு கொடுத்தார். குடித்தேன். இன்னொரு கிண்ணம் கொடுத்தார். அதையும் குடித்தேன். மாமா இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்னம்மா, சூப்பு குடிக்கவா இவ்வளவு தூரம் நடந்து வந்த?"

அப்போது சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஓடையில் பார்த்தது, செத்துக் கிடந்தது, நம் பக்கம் சுத்தமாக இருப்பது, எல்லாம். அத்தை அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"உங்க அக்காவுக்குப் பொய் சொல்ல வராது" என்றார் மாமா. "அன்னிக்கே தெரியும் எனக்கு. எங்க நோயைத் தூக்கித் தன் தலையில வெச்சுக்கிட்டா. நான் வாயைத் திறக்கல. அப்புறம் அவளை இறக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அப்பவும் திறக்கல."

பிறகு என்னை வீட்டுக்குப் பின்னால் வெகுதூரம் கூட்டிப்போனார். பள்ளத்தில் கற்குவியல்கள். செத்தவற்றை யாருக்கும் தெரியாமல் அவரே சுமந்து வந்து கல் மூடியிருக்கிறார். குவியல்கள் நிறைய இருந்தன.

"மலை நம்ம மேல கோவமா இருக்குன்னு என் ஜனங்ககிட்ட நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

"பூச்சி மாமா. சின்னப் பூச்சி."

"அந்தப் பூச்சியை யாரு அனுப்பினா?"

"தெரியாது மாமா. ஊசி போட்டா அது சாகும். அது மட்டும் தெரியும்."

அவர் குனிந்து, ஒரு குவியலிலிருந்து சரிந்த கல்லை எடுத்துத் திரும்ப வைத்தார்.

கடைசியில் ஒப்புக்கொண்டார், அதன் பிறகுதான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஆகஸ்டில் ருமிபாட்டாவில் வளைப்பு. கத்தரி கிடையாது, ஊசி மட்டும். மருந்து அலுவலகம் தருகிறது. இச்சுபம்பாவுக்கான அனுமதியும் அது முடிந்த பிறகுதான், அதாவது இந்த வருடம் உங்களுக்குக் கத்தரிப்பு இல்லை. இதைத் தவிர்க்க முயன்றேன், முடியவில்லை.

ஆனால் ருமிபாட்டாவில் ஆள் போதாது. அவர்கள் கீழிருந்து ஓட்டினால் விரட்டப்பட்டவை மேடு ஏறி நம் பக்கம் பாயும். மேட்டின்மேல் நீளத்துக்கும் ஆட்கள் கயிறு பிடித்து நிற்க வேண்டும். அது இச்சுபம்பா ஆட்களால் மட்டும்தான் முடியும். மாமாவால் வந்து கேட்க முடியாது. "நீ எழுதிக் கேளு" என்றார். நான் மௌரோவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீயும் பேசு.

மிரா

*

இச்சுபம்பா, ஜூலை 20

மிராவுக்கு,

மௌரோ உன் கடிதத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்தான். நோய் நமக்கில்லை, அவர்களுக்குத்தான் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைக்காதே. "மலை பேர்ல பொய் சொன்னியா?" என்று இன்னும் பெரிதாகக் கத்தினார்கள். இந்த வருடம் ரோமம் போச்சு என்றதும் இன்னும் பெரிதாக. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம்தான். ஒரு வருட உழைப்பை என் நாக்கு தின்றுவிட்டது.

"அவங்க மிருகத்துக்கு நாம ஏன் கயிறு பிடிக்கணும்?" என்று மௌரோ கேட்டான்.

"பிடிக்காதே. அதுங்க ஓடி நம்ம பக்கம் வரும், சொறியோட. அப்ப நான் சொன்னது உண்மையாயிடும், உனக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றேன்.

வெகுநேரம் வாயில் இல்லாத பல்லை நாக்கால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், "கயிறு பிடிக்கிறோம். கை குலுக்க மாட்டோம். கல்லைத் தாண்டவும் மாட்டோம்."

எழுதிவிடு, வருகிறோம் என்று. என்னை மேட்டின் கடைசி மூலையில் நிற்கச் சொல்லியிருக்கிறான். அங்கிருந்து ஒன்றும் தெரியாது. காற்றுதான் அடிக்கும்.

நெமேசியா

*

பூக்கியோ, ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

சாயங்காலம் உங்கள் ஆட்கள் மேட்டிலிருந்தே திரும்பிவிட்டதால் உன்னைப் பார்க்க முடியவில்லை. உன் மூலையிலிருந்து தெரியாததை எழுதுகிறேன். ஊரில் இதற்குள் நான்கு விதமாகக் கேட்டிருப்பாய்.

நான் கீழே ருமிபாட்டா ஆட்களோடு கயிற்றில் இருந்தேன். காலையில் அவர்கள் விசிலடித்து ஓட்டியவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கயிற்றில் கட்டிய சிவப்பும் மஞ்சளுமான துணிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. வளையம் சுருங்கியதும் வழக்கம்போல எல்லோரும் சத்தத்தை நிறுத்தினார்கள். அப்போதுதான் அவர்களில் பலர் சொறி பிடித்தவற்றை முதன்முதலாகப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பெலிபா அத்தை நின்ற இடத்தில் ஒரு இளம் பெண் விக்குன்யா கயிற்றுக்கு அடியில் நுழைந்து வெளியே போய்விட்டது. பின்னங்கால் இரண்டும் பொருக்கு. ஓடவில்லை, நொண்டிக்கொண்டு நேராக மேட்டைப் பார்த்து ஏறியது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உனக்குத் தெரியும், கயிற்றைத் தாண்டியதை மலை தனக்கென்று கேட்டுவிட்டது என்று நாம் பின்னால் போவதில்லை, பார்ப்பதுகூட இல்லை. நானும் பழக்கத்தில் திரும்பிக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது. அது மேடு தாண்டினால் நீ பட்டதெல்லாம் வீண்.

"பிடிங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அந்த அமைதியில் அது கத்தியதுபோல இருந்தது. என்மேல் எல்லார் கண்ணும் விழுந்தது. காது வரை சூடாகிவிட்டது.

"பொண்ணு பிடிக்கச் சொல்றா" என்றார் அத்தை, மாமாவைப் பார்த்து.

மாமா தன் கயிற்றை அத்தை கையில் கொடுத்துவிட்டு நடந்தார். தனியாக, தன் ஊர் முழுக்கப் பார்த்திருக்க, மலை கேட்டதன் பின்னால். எல்லைக்கற்களிடம் ஒரு கணம் நின்றார். பிறகு தாண்டினார். மேலே மௌரோ நின்றான், அதற்குள் அது அவன் கயிற்றுக்கும் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போயிருந்தது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, பேசினார்களா என்பதும் தெரியாது. மௌரோ கயிற்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்ததைப் பார்த்தேன், மாமா அதன் அடியில் குனிந்து போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் ஒரு போன்ச்சோப் போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் அதைச் சுமந்து இறங்கி வந்தார்கள். மௌரோவும் கல்லைத் தாண்டிவிட்டான். கவனித்தானா என்று தெரியவில்லை, மூச்சிரைத்துக்கொண்டிருந்தான்.

ஊசி போட்டேன். நெற்றியில் சாயம் வைக்க வேண்டும், ருமிபாட்டாவுக்குச் சிவப்பு, மேட்டுக்கு அந்தப் பக்கம் பிடிபட்டால் இச்சுபம்பாவின் நீலம். எந்த டப்பாவை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"சிவப்பு போடும்மா. நோய் எங்களோடது" என்றார் மாமா. மெதுவாகச் சொல்லவில்லை. பட்டியைச் சுற்றி நின்ற அவர் ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. பிறகு மறுபடி சொன்னார், "எங்களோடதுதான். ரொம்ப நாளா."

அக்கா, அப்போது எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மௌரோவும் பார்த்தான். எப்போதும் போல இருந்தது. உச்சியில் பனி, அதன்மேல் வெயில், பக்கத்தில் ஒரு மேகம்.

மௌரோதான் முதலில் கண்ணை இறக்கினான். "நோயை நீங்களே வெச்சுக்கங்க மாமா" என்றான். "மிருகம் தானா நடந்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. நீலம் போடு."

யாரோ சிரித்தார்கள். நான் நீலம் வைத்தேன், கொஞ்சம் கோணலாக. இரண்டாவது ஊசி வரை எல்லாம் பட்டியிலேயே இருக்கும். அது பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியாது. நான் டப்பாவை மூடுவதற்குள் பெலிபா அத்தை அடுத்ததின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார், எவ்வளவு நேரம் நிற்பது என்று கேட்டுக்கொண்டு.

மிரா